பன்னிரண்டு நிமிட ஆங்கிலப் பேச்சு: மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது பற்றிய உன் ஆய்வை மாநாட்டில் ஆங்கிலத்தில் பேச 12 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம் கொடுத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். உன் உச்சரிப்பு அங்கே இருப்பவர்களுக்குப் புரியுமா என்பதுதான் உன் பயம் என்றும் சொன்னாள். அவர்களைப் போலப் பேசிக் காட்ட முயலாதே, அது வேண்டியதே இல்லை. சொல்லில் எந்த அசையை அழுத்துகிறாய் என்பதைச் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை அமுங்கிவிடும். கேட்பவர் அந்த ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். உனக்கு அடிக்கடி வரப்போகும் 'சலினிட்டி'யில் (உப்புத்தன்மை) 'லி' ஓங்க வேண்டும். 'ச'வை அழுத்தினால் அவருக்கு அது வேறு ஏதோ சொல்லாகக் கேட்கும். 'இட்டி', 'ஷன்', 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் ஓங்கும்: 'கண்டக்டிவிட்டி'யில் 'டிவ்', 'எவாப்பரேஷனில்' 'ரே', 'சயன்டிஃபிக்கில்' 'டிஃப்'. உன் ஆய்வில் திரும்பத் திரும்ப வரும் இருபது சொற்களை எழுதி, ஓங்கும் அசைக்குக் கீழே கோடு போடு. அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். 13 என்றால் 'டீன்' நீள வேண்டும், 30 என்றால் 'தர்' ஓங்கி 'ட்டி' குறுக வேண்டும். அப்படியும் குழம்பலாம் என்பதால் முக்கியமான எண் ஸ்லைடிலும் இருக்கட்டும். லட்சம், கோடி அங்கே பலருக்குப் புரியாது. ஒரு லட்சத்தை 'ஹண்ட்ரட் தவுசண்ட்' என்றும், ஒரு கோடியை 'டென் மில்லியன்' என்றும் இப்போதே மாற்றிவிடு; மேடையில் நின்று மனக்கணக்குப் போட முடியாது.

நிமிடத்துக்கு 120 சொல் என்று வைத்தால் 12 நிமிடத்துக்கு 1,440 வரும். நீ 1,300-க்குள் நிறுத்து. மீதி நேரம் ஸ்லைடு மாற்றவும் மூச்சு விடவும் போய்விடும். முழுவதையும் மனப்பாடம் செய்யாதே: ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் சேர்ந்து போய்விடும். முதல் நான்கு வாக்கியங்களும் கடைசி இரண்டும் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் ஸ்லைடுக்கு மூன்று குறிப்புச் சொற்கள் போதும்.

பள்ளியில் பழக்கிய 'ரெஸ்பெக்டட் டிக்னிட்டரீஸ்' வணக்கமெல்லாம் வேண்டாம். அமர்வுத் தலைவர் உன்னை அறிமுகப்படுத்திவிடுவார். நேராக உன் கேள்வியிலிருந்து தொடங்கு: கடலோரக் கிணறுகளில் உப்பு ஏன் ஏறுகிறது?

வரைபடம் வரும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். படம் திரையில் விழுந்ததும் முடிவைச் சொல்லத் தொடங்கினால், பார்ப்பவர் அச்சுகளைப் படிப்பதா உன்னைக் கேட்பதா என்று திண்டாடுவார். முதலில் படுக்கை அச்சில் கடலிலிருந்து தூரம், செங்குத்து அச்சில் உப்பின் அளவு என்று சொல். இரண்டு விநாடி வாயைத் திறக்காதே. பிறகு ஒரே ஒரு கோட்டைக் காட்டி, அது எந்த இடத்தில் மேலே ஏறுகிறது என்று சொல். தலைப்பில் 'ரிசல்ட்ஸ்' என்று போடாமல், அந்தப் படம் காட்டும் முடிவையே முழு வாக்கியமாக எழுது. உச்சரிப்பு பிடிபடாதவரும் அதைப் படித்துப் பின்தொடர்வார்.

கேள்வி புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்லாதே. புரிந்த அளவை உன் சொற்களில் திருப்பிச் சொல்லி, 'இஸ் தட் யுவர் கொஸ்டின்?' என்று கேள். அவர் திருத்துவார், உனக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

பழகும்போது நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேசு. மனதுக்குள் படித்தால் நாக்கு எங்கே தடுக்குகிறது என்று தெரியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஆய்வு மாணவர்களுக்காக 2008-இல் தொடங்கிய 'த்ரீ மினிட் தீசிஸ்' பேச்சுப் போட்டியில் 3 நிமிடம், அசையாத ஒரே ஸ்லைடு, நேரம் தாண்டினால் தகுதி நீக்கம். அந்த விதிப்படி உன் ஆய்வை முதலில் சொல்லிப் பார். மூன்று நிமிடத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான் உன் பேச்சின் முதுகெலும்பு. அதைச் சுற்றி 12 நிமிடத்தைக் கட்டு. பிறகு முழுப் பேச்சையும் கைப்பேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. ஸ்லைடுகளை அனுப்ப வேண்டாம். குரலை மட்டும் கேட்டு, எந்தச் சொல் பிடிபடவில்லை என்று நிமிடக் கணக்கோடு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா