முதலில் அறையை அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இறுதியாண்டு நிறுவல் கலைப் படைப்புக்கு, அதாவது ஓர் இடத்தையே களமாகக் கொண்டு பொருள்களை அமைத்து உருவாக்கும் படைப்புக்கு, கருத் தேடும் மாணவர்கள் குறிப்பேட்டிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். காட்சிக்கூடத்தின் நீளம், உயரம், மின் இணைப்புகள், முக்கியமாகக் கதவின் அகலம் ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும். 1 மீட்டருக்கு 5 செ.மீ. என்ற கணக்கில் அட்டை மாதிரி செய்து, ஒவ்வொரு யோசனையையும் அதற்குள் வைத்துப் பார்க்கலாம். பல யோசனைகள் அங்கேயே உதிரும், நல்லதுதான்.

தொங்கவிடும் படைப்புக்கு நைலான் நரம்பை நம்பவே கூடாது. தொடர்ந்து எடை தாங்கினால் மெல்ல நீளும். முடிச்சிட்ட இடத்தில் வலுவும் குறையும். உண்மை எடையைப் போல் 5 மடங்காவது தாங்கும் எஃகுக் கம்பிவடமே சரி. புரொஜெக்டரைப் பகல் வெளிச்சத்திலும் ஓட்டிப் பாருங்கள்: படத்தின் கருமை சாம்பல் நிறமாகிவிடும்.

கல்லூரிகள் யோசனைக் கட்டத்திலேயே ஒரு நாளாவது அறையை மாணவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

— நிறுவல் கலைப் பயிற்றுநர்கள்