பாதி உண்மை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை உரக்க வாசித்துக் காட்டினேன். அத்தை உடனே எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தார். இங்கே எல்லாரும் நலம். என் கொழுந்தன்கூட இந்த மாதம் ஓரளவு நன்றாகத் தூங்குகிறான்.

உன் அண்ணனுக்கு மனநோய்க்கான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்துவிட்டது என்பதைப் படித்ததும் மனசு லேசானது. கூடவே, "அங்கே அரசாங்கமே தெரபிக்குப் பணம் கட்டுகிறதாமே, உண்மையா?" என்றும் கேட்டிருந்தாய். பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொன்னால்தான் உனக்குப் புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு தேசியக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. என்டிஐஎஸ் என்றால்தான் யாருக்கும் தெரியும். 2013-இல் சட்டம் வந்தது, அந்த ஜூலையில் சில ஊர்களில் தொடங்கினார்கள், 2020-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. 65 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். பென்ஷன் வேறு, இது வேறு. இதில் பணம் கைக்கு வராது. இன்ன உதவிக்கு இவ்வளவு என்று ஆளுக்கொரு திட்டம் போட்டு ஒதுக்குவார்கள். ஏழு லட்சம் பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் என் கொழுந்தனைப் போல மனநோயால் முடங்கியவர்.

ஆனால் மனநோய்க்கான சிகிச்சைக்கு இந்தத் திட்டம் பணம் தராது. சிகிச்சை சுகாதாரத் துறையின் பொறுப்பு. அதற்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. குடும்ப டாக்டர் ஒரு மனநலத் திட்டம் எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு 10 தடவை சைக்காலஜிஸ்டைப் பார்க்கலாம், கட்டணத்தில் ஒரு பகுதி திரும்ப வரும், மீதி நம் பாடு. கொரோனா சமயத்தில் அதை 20 ஆக்கியிருந்தார்கள். 2022 முடிந்ததும் பழையபடி 10. மனச்சிதைவு உள்ளவனுக்கு ஆண்டுக்குப் பத்து மணி நேரம் எந்த மூலைக்கு?

என்டிஐஎஸ் எதற்குத் தரும் என்றால், நோயால் அன்றாடத்தில் எது முடியாமல் போயிற்றோ அதற்கு. காதில் குரல் கேட்பது ஆஸ்பத்திரியின் கணக்கு. அந்தக் குரலுக்குப் பயந்து பஸ் ஏறமுடியாமல் இருப்பது என்டிஐஎஸ் கணக்கு. பஸ் ஏறப் பழக்குவதற்கு சைக்காலஜிஸ்ட் வேண்டும் என்றால் பணம் உண்டு. காகிதத்தில் இந்தக் கோடு நேராகத்தான் தெரிகிறது. அவனிடம் போய் எது நோய், எது நோயின் விளைவு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் அவன் என்ன செய்வான்? டாக்டர் ஒரு பக்கம், திட்ட அலுவலகம் ஒரு பக்கம், நடுவில் நாங்கள் என்று ரொம்ப நாள் அலைந்தோம்.

விண்ணப்பத்துக்கு மருத்துவர் கடிதம் மட்டும் போதாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் நிபுணர், ஒருவர் வீட்டுக்கு வந்து அவனால் எதெல்லாம் முடிகிறது என்று பார்த்து அறிக்கை எழுதினால்தான் வலு. அந்தப் பெண் வந்த அன்று அத்தை வாசல் வரை பெருக்கி, அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டு, உளுந்து வடையும் சுட்டு வைத்திருந்தார். கேள்வி ஆரம்பித்தது. தானே குளிப்பாரா? "குளிப்பான்." சமைப்பாரா? "டீ எல்லாம் நல்லாப் போடுவான்." காசு கணக்கு? "எம்.ஏ. படிச்ச பையன்மா." நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன், வயிற்றைக் கலக்கியது. அத்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முடிந்த நாளில் அவன் இதெல்லாம் செய்வான். பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் குறை சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

அந்தப் பெண் கெட்டிக்காரி. எழுதுவதை நிறுத்திவிட்டு, "எனக்கு ஒரு டீ போட்டுத் தருவாரா?" என்று கேட்டாள். அவன் எழுந்து போனான். பாலை அடுப்பில் வைத்தான், தூள் டப்பாவைத் திறந்தான், அப்படியே ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டான். பால் பொங்கி வர, அத்தை பேச்சை நிறுத்தாமலே போய் அடுப்பை அணைத்து, டம்ளரைக் கழுவி, டீயை ஊற்றி அவன் கையில் கொடுத்து, "கொண்டு போய்க் குடு ராஜா" என்றார். தான் என்ன செய்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. வருடக்கணக்காக அப்படித்தான். அந்தப் பெண் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, அடுப்பை அணைத்தது யார் என்பதைத்தான் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நம் வீடுகளில் நோயாளிக்கு நாம் செய்வது எதுவும் வேலையாகவே கணக்கில் வருவதில்லை. மாத்திரையை எண்ணி வைப்பது, அவன் வெளியே போனால் பத்தடி பின்னால் நடப்பது, ராத்திரி கதவுச் சத்தத்துக்கு விழிப்பது எல்லாம் அத்தைக்கு மூச்சு விடுவது மாதிரி. நாங்கள் கேட்டது, அத்தைக்கு வயதான பிறகும் அவன் தானாக அடுப்பை அணைக்கும்படி பழக்க ஒருவர் வேண்டும் என்பதுதான்.

அப்புறம் இன்னொரு கஷ்டம். இந்தக் குறைபாடு நிரந்தரமானது என்று மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறி இறங்கி வரும் பாதிப்பையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது நல்லது. ஆனாலும் அந்தக் கடிதத்தை அவன் மேஜையில் பார்த்துப் படித்துவிட்டான். "எனக்கு இனி சரியாகாதா அண்ணி?" என்றான். உதவி நிறைய நாளைக்குத் தேவைப்படும், அதைத்தான் எழுதியிருக்கிறார் என்றேன். தலையை ஆட்டினான், ஆனால் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. தேறுவதற்காகத்தான் தெரபி. அதைப் பெற, தேறமாட்டேன் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமாம். இது அநியாயம், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவனுக்கு இப்போது என்ன தேவை என்று கேட்டால் போதாதா?

சரி, கிடைத்தது என்ன என்று சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்காலஜிஸ்ட். அவர்கள் மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று திட்டமே விலை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் அதை 232.99 டாலர் என்று வைத்தார்கள். அதே ஜூலையில் தெரபிஸ்டுகள் வீட்டுக்கு வந்து போகும் நேரத்துக்கான பணத்தைப் பாதியாக்கினார்கள், அதனால் இப்போது நாங்கள்தான் அவனைக் கூட்டிப் போகிறோம். ரெக்கவரி கோச் என்று, கூடவே இருந்து அன்றாடத்துக்குப் பழக்கும் ஓர் ஆளும் உண்டு. அவன் வந்த பிறகுதான் கொழுந்தன் ரயிலில் சிட்னியின் இன்னொரு பகுதியான பரமட்டா வரை போய் வரத் தொடங்கினான். பணம் வீண் என்று பேசுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வது.

வெளியே நிற்பவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. குடியுரிமையோ நிரந்தர விசாவோ இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. போரில் எல்லாம் இழந்து படகில் வந்து, இன்னும் தற்காலிக விசாவில் காத்திருக்கும் ஈழத்து ஆட்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சித்திரவதைக்கும் போர்க் கொடுமைக்கும் ஆளான அகதிகளுக்காக 1988-லிருந்து ஸ்டார்ட்ஸ் என்ற அமைப்பு சிட்னியில் நடக்கிறது, அவர்களுக்கு அதுதான் துணை. அதுபோக, என்டிஐஎஸ் வாசலுக்கு வெளியே உதவி கிடைக்காமல் இருப்பவர்கள், 12 முதல் 64 வயதுக்குள் மட்டும், ஏறக்குறைய 5 லட்சம் பேர் என்று அரசே 2024-இல் கணக்கு வெளியிட்டது. இவர்களுக்கு மத்திய அரசு பணம் போடுவதா மாநிலம் போடுவதா என்று இழுபறி.

உன் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே இந்தியாவில் அட்டைக்காக மருத்துவர்கள் மதிப்பெண் போடுவதும் கிட்டத்தட்ட இதேதான்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, அதோடு எத்தனை வருடமாக நோய் என்பது. 40 சதவீதம் வந்தால்தான் சட்டப்படி சலுகை. ஆனால் அட்டை வந்தாலும் தெரபிக்கென்று அண்ணன் பெயரில் யாரும் பணம் ஒதுக்கப்போவதில்லை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். அவசரத்துக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். அதற்குமேல் எல்லாம் உன் தலையில்தான். அங்கே 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்றுக்கொண்டது. தெரபிக்கும் பணம் வேண்டும் என்று அங்கே குடும்பங்கள் சேர்ந்து கேட்க வேண்டும், நீ பேசக்கூடியவள்.

அடுத்த முறை சான்றிதழ் கொடுக்கும் மருத்துவ போர்டு முன்னால் போகும்போது அம்மாவை மட்டும் பேசவிடாதே. அண்ணனுக்கு நீ தினமும் என்னென்ன செய்கிறாய் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போ. மோசமான நாளையும் சொல். அட்டையில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது, சான்றிதழ் தற்காலிகமா நிரந்தரமா என்று பார்த்து எனக்கு எழுது. தற்காலிகம் என்றால் புதுப்பிக்கும் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வை.

அன்புடன்,
உன் தோழி
சிட்னி