ஏறுகிற வண்டிக்கு வழி

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலைப்பா, பாடம் சொல்றதைவிட வரிசையில நில்லு, பேசாதேன்னு சொல்றதுதான் அதிகமா இருக்கு. பள்ளிக்கூடத்துல இத்தனை விதி எதுக்கு?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

எனக்குத் தெரிந்தது மலைப்பாதைதான். லாரி எடுத்த முதல் மாதம், கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் கீழிருந்து பஸ் வந்தது. ஏலத்துக்கு நேரமாகிறதே என்று நான் ஒதுங்காமல் வண்டியை நுழைத்தேன். பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. மறுபடி எடுக்கும்போது ஒரு முழம் பின்னால் உருண்டது. கண்டக்டர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்த பள்ளிப் பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஓரமாக நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-லேயே சாலை விதிகளில் எழுதிவைத்துவிட்டார்கள். காரணம் இருக்கிறது. இறங்குகிறவன் நின்றாலும் பிரேக்கை விட்டால் வண்டி தானாக நகரும். ஏறுகிறவன் அத்தனை பாரத்தையும் இழுக்க வேண்டும், பின்னால் உருளாமலும் பார்க்க வேண்டும். நிற்பது யாருக்குச் சுலபமோ அவர் நிற்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பனிமூட்டத்தில் எதிரே வருகிறவன் யாரென்றே தெரியாது, இறங்கிப்போய் பேசிக்கொள்ளவும் முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே விதி தெரிந்திருப்பதால்தான் ரெண்டு பேரும் வீடு வந்து சேர்கிறோம். உன் பள்ளியில் தண்ணீர்க் குழாய்க்கு வரிசை இல்லையென்று வை, பெரிய பையன்கள் குடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். சின்னதுகள் தாகத்தோடுதான் வகுப்புக்குப் போகும்.

அதற்காக எல்லா விதியும் சரி என்று சொல்ல மாட்டேன். நீ ஆறாவது படித்தபோது ஒருநாள் வழியில் மரம் விழுந்து பஸ் தாமதமானது, ஞாபகம் இருக்கிறதா? லேட் என்றால் லேட்தான் என்று தூறலில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஈர ஸ்வெட்டரோடு வந்தாய். மறுநாளே நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். லோடுக்குப் போய்விட்டேன் கண்ணு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வாத்தியாருக்கும் சட்டம் வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. 2009-ல் கொண்டுவந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. பிள்ளைகளிடம் இதையும் சொல். உங்களுக்கு மட்டுமில்லை, டீச்சருக்கும் விதி உண்டு என்று தெரிந்தால் அதுகள் கேட்கிற விதமே மாறும்.

அப்புறம், ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல். காரணம் சொல்ல வராத விதி இருந்தால் தலைமை ஆசிரியரிடம் பக்குவமாகப் பேசிப் பார்.

அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள், சனிக்கிழமை அனுப்புகிறோம். எந்த விதியை முதலில் நீக்கச் சொல்கிறீர்கள் என்று உன் பிள்ளைகளைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா