2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஒரு தனிப் பேரு குடுங்க: எங்க ஏரியா இன்டர்நெட் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கு வணக்கம்.

என் கம்ப்ளைன்ட் நம்பரெல்லாம் உங்ககிட்டயே இருக்கு. நாலு தடவ போட்டேன், நாலு தடவயும் சரி பண்ணியாச்சுன்னு மெசேஜ் அனுப்பி மூடிட்டீங்க. அதனால முதல்ல இருந்து சொல்லல. புது ரவுட்டர் மாட்டுன நாள்ல இருந்து என் லேப்டாப்புல வைஃபை வரல, அதான் விஷயம்.

லேப்டாப் பழசுதாங்க. 2014ல பிளஸ் டூ படிக்கும்போது கவர்மென்ட் குடுத்தது. எஸ்எஸ்டி மாத்தி ரேம் ஏத்தி விண்டோஸ் 10 போட்டு வெச்சிருக்கேன், கணக்கு எழுதுற டேலியும் ஓடுது ஜிஎஸ்டி போர்ட்டலும் ஓடுது. அத வெச்சுத்தான் வீட்ல இருந்தே ஆறு கடைக்கு கணக்கு பாக்குறேன்.

போன மாசம் 18ஆம் தேதி உங்க டெக்னீஷியன் தம்பி வந்தாரு. தன் போன்லயே ரவுட்டருக்குள்ள போயி, 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு வைஃபை அலைவரிசைக்கும் ஒரே பேரா இருந்தத பிரிச்சு, 2.4-க்கு தனியா ஒரு பேரு வெச்சு செக்யூரிட்டிய டபிள்யூபிஏ2-ங்கிற பழைய பாதுகாப்பு முறைக்கு மாத்துனாரு, அடுத்த நிமிஷம் லேப்டாப்புல நெட் வந்துருச்சு. அஞ்சு நிமிஷ வேலை. அந்தத் தம்பிக்கு இன்னைக்கும் நன்றி சொல்றேன். 20ஆம் தேதி காலைல பாத்தா மறுபடி ஒரே பேரு, மறுபடி கனெக்ட் ஆகல. போன் அடிச்சா, ராத்திரி எங்க சைடுல இருந்து அப்டேட் போட்டோம் மேடம், செட்டிங்கெல்லாம் பழையபடி மாறியிருக்கும்ங்கறாங்க.

20ஆம் தேதி என்னன்னு கணக்கு பாக்குற எல்லாருக்கும் தெரியும், மாசா மாசம் போடுற ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு கடைசி நாள். போன் ஹாட்ஸ்பாட்டுல லேப்டாப் உடனே கனெக்ட் ஆச்சு, ஆனா எங்க வீட்டுக்குள்ள டவர் ஒரு கோடுதான் காட்டும், போர்ட்டல் பாதில நின்னு லாகவுட் ஆகிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆள் வரும்னு காத்திருந்து, கடைசில நீங்க ரவுட்டரோட குடுத்த லேன் ஒயர எடுத்தேன். அது ஒரு மீட்டர்தான். ரவுட்டர் மாட்டியிருக்கிறது வாசக்கதவுக்கு மேல. லேப்டாப்ப எங்க வெச்சாலும் எட்டல, பக்கத்துல இருந்த ஃபிரிட்ஜ் மேல இருந்த சாமானெல்லாம் இறக்கிட்டு அங்க வெச்சு, நின்னுக்கிட்டே வேலை பாத்தேன். ராத்திரி எட்டு மணில இருந்து பன்னெண்டு தாண்டுற வரைக்கும். டைப் பண்ண கைய தோளுக்கு மேல தூக்கி வெச்சுக்கணும், பில்லு கீழ சேர்ல கிடக்கு, ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு எடுக்கணும். இதுக்கு நடுவுல ஓடிபி கேட்டு கடைக்காரங்கள தூக்கத்துல எழுப்பறேன். அஞ்சு கடை முடிஞ்சுது, ஆறாவது கடைக்கு பன்னெண்டு மணி தாண்டிருச்சு. லேட் ஃபீஸ் ஒரு நாளைக்கு 50 ரூபா, அடுத்த மாச ரிட்டர்ன்ல வந்து உக்காரும். அத நான் என் கைக்காசுல குடுத்துருவேன், ஆனா அந்த அண்ணாச்சி நம்பிக் குடுத்த கணக்கு, "ஏம்மா லேட்டாச்சு"ன்னு அவரு கேட்டப்போ எனக்கு பேச்சே வரல.

கஸ்டமர் கேர்ல எப்பவும் ஒரே கேள்வி, மொபைல்ல வருதா மேடம்? வருது. அப்போ எங்க சைடு கிளியர், லேப்டாப் மாத்திருங்க. லேப்டாப் கெட்டுப்போயிருந்தா பழைய ரவுட்டர்ல எப்படி வந்துச்சு, ஹாட்ஸ்பாட்டுல எப்படி வருது? லேப்டாப்போட வைஃபை கார்டு எதெல்லாம் ஏத்துக்கும்னு கமாண்ட் விண்டோல நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்னு அடிச்சுப் பாத்துட்டேன், என் கார்டு 802.11 பி, ஜி, என்-னு பழைய வைஃபை வகை மட்டும்தான், செக்யூரிட்டி டபிள்யூபிஏ2 வரைக்கும்தான். அதுக்கு அடுத்த புது முறையான டபிள்யூபிஏ3 வந்ததே 2018ல. நீங்க ரெண்டையும் கலந்து வெச்சிருக்கிற மிக்ஸ்டு மோடுல சில பழைய கார்டு இப்படி திணறத்தான் செய்யும், அது உங்க டெக்னீஷியனுக்கே தெரிஞ்சிருக்கு.

நானே மாத்திக்கலாம்னா ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்ட தரமாட்டேங்கறீங்க, ஸ்டிக்கர்ல இருக்கிற லாகின்ல போனா வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மட்டும்தான் மாத்த முடியுது. மாசா மாசம் பில்லு கட்டுறது நானு, என் வீட்டு செவுத்துல தொங்குற பெட்டிய தொறக்க எனக்கு உரிமை இல்லையா? எனக்கு மட்டுமும் இல்லீங்க, எங்க தெருவுல ஒரு அக்காவோட வைஃபை பிரிண்டருக்கும் இதே கதி, எதிர் வீட்டு கேமராவும் 2.4ல மட்டும் ஓடுறது. கவர்மென்ட் லேப்டாப்ப இன்னும் எத்தன பிள்ளைங்க வெச்சு படிக்குதுங்க, எல்லார்கிட்டயும் புதுசு வாங்குன்னு சொல்வீங்களா, யாரு வீட்ல அவ்வளவு காசு இருக்கு?

கோவத்துல கொஞ்சம் கூடப் பேசிட்டேன், மன்னிக்கணும். பாதுகாப்ப குறைக்கச் சொல்லி நான் கேக்கல, டபிள்யூஇபி மாதிரி காலாவதியான முறைய கேக்கல, ஏஇஎஸ் குறியாக்கத்தோட டபிள்யூபிஏ2 போதும். மெயின் வைஃபைல டபிள்யூபிஏ3 உங்க இஷ்டப்படி இருக்கட்டும். 2.4-க்கு ஒரு தனிப் பேரு, அதுல டபிள்யூபிஏ2, நீங்க அப்டேட் போட்டாலும் அது அழியக்கூடாது. முடியலன்னா அட்மின் பாஸ்வேர்ட குடுங்க, நானே பாத்துக்கறேன்.

அடுத்த 20ஆம் தேதிக்கு முன்னாடி செஞ்சு குடுங்க, தயவுசெஞ்சு. இந்த தடவ மூடிட்டோம்னு மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடி, லேப்டாப்புல வருதான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்