டெபாசிட் கட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தையில் மூன்று நாளாக மழை. (பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் எழுதிவிட்டார்கள், என் வாயில் பழைய பேர்தான் வருகிறது.)

ஜொகூர் பாருவில் அறை வாடகைக்கு ஒரு டெலிகிராம் குழுவைப் பிடித்திருப்பதாகவும், அறையைப் பார்க்காமலே டெபாசிட் கேட்கிறார்கள் என்றும் போனில் சொன்னாயே, அது மனதிலேயே நிற்கிறது. இந்த வயதில் அப்பாவுக்கு டெலிகிராம் என்ன தெரியும் என்று சிரிக்காதே. நம் தோட்டத்து ஆட்களை அதில்தான் கண்டுபிடித்தேன்.

வாட்ஸ்அப்பில் யாராவது சேர்த்துவிட்டால் அல்லது லிங்க் கொடுத்தால்தான் குழுவுக்குள் போகமுடிகிறது. போனதும் உன் நம்பர் அங்கிருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடலாம். அதிலே 1,024 பேர்தான். டெலிகிராமில் 2,00,000 பேர்வரை சேரலாம். பொதுக்குழு என்றால் பேரைத் தட்டித் தேடினாலே வரும். சேராமலே பழைய பேச்சையெல்லாம் படிக்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரிதான், கிராணி (கணக்கர்) பேர் கூப்பிடுவது வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கும். அதனால் நீ அங்கே எழுதுவதும் எல்லார் கண்ணிலும் படும்.

நம் தோட்டத்து ஆட்களின் குழுவை நான் இரண்டு வாரம் வெளியிலிருந்தே படித்தேன். யார் கேள்வி கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள், பழைய லயத்துப் பேர்கள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன். அப்படியும் ஏமாறப் பார்த்தேன். சேர்ந்த மறுநாள் அட்மின் பேரும் படமும் போட்டு ஒருவன் தனியாக எழுதினான். கோயில் திருப்பணிக்கு 200 வெள்ளி, இன்றைக்கே வேண்டுமாம். பணம் எடுக்கக் கிளம்பிவிட்டேன். "அட்மின் என்றால் குழுவிலேயே கேட்கலாமே?" என்றாள் அம்மா. அட் (@) குறியோடு வரும் பேரை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்து கூடுதல்! படத்தையும் பேரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம், அந்த அட் பேர் மட்டும் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காது.

நீயும் அந்தக் குழுவில் மேலே மேலே போய்ப் படி. டெபாசிட் கட்டி அறை கிடைத்தவர் யாராவது எழுதியிருக்கிறார்களா? ஒரே படத்தை வேறு வேறு வாடகைக்குப் போட்டிருக்கிறார்களா? அவன் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டுப் பார். அப்புறம் டெலிகிராம் செட்டிங்கில் உன் நம்பரை யாரும் பார்க்கமுடியாதபடி வை. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டாய் என்றால் என் திட்டுக்குப் பயந்து மறைக்காதே, உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழை. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சனிக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன், இரண்டு பேருமாகப் போய் அறையைப் பார்ப்போம். துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று அம்மா இப்போதே கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா