நாங்குநேரி என்று ஓர் ஊர் இருக்கிறது ஐயா

திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பேருந்து விடும் நிர்வாகத்தின் மேலதிகாரிகள் அவர்களுக்கு,

வணக்கம்.

பஸ்கள் நாங்குநேரி ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடுகிற விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. எத்தனையோ பேர் மனுக் கொடுத்தாயிற்று. நீங்களும் எல்லா வண்டியும் ஊருக்குள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். கொஞ்ச நாள் வந்தன. அப்புறம் பழைய கதைதான். ஆகவே முன்கதையை விட்டுவிட்டு, போன வாரம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தெரு ஆச்சிக்குத் திருநெல்வேலியில் கண்புரை ஆபரேஷன். பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் துணைக்கு நான் போயிருந்தேன். கண்ணில் தூசி படக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று ஆயிரம் சொல்லி, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. கண்டக்டர் படியில் நின்று "நாரோல், நாரோல்" என்று நாகர்கோவிலுக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தார். ஏறப் போன எங்களைக் கை நீட்டித் தடுத்தார்.

"நாரோல் டிக்கெட் மட்டும் ஏறுங்க. நாங்குநேரி, வள்ளியூர்லாம் வண்டி எடுக்கையில ஏறிக்கிடுங்க."

சரி என்று நின்றோம். வண்டி பின்னால் எடுத்துத் திரும்பிய பிறகு, ஆச்சியைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். மூன்றடைப்பு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வந்தார். அங்கேதான் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். ஊர் நெருங்கும்போது கண்டக்டரிடமிருந்து அடுத்த சேதி: "ஊருக்குள்ள போவாது. பைபாஸ்ல எறங்கிக்கிடுங்க." முழு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு விளக்கு கிடையாது. கேரளாவுக்குப் போகிற லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது மண்ணை வாரி அடித்துவிட்டுப் போனது. ஆச்சி முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். ஓரளவு பார்வை இருந்த இன்னொரு கண்ணும் அதோடு மூடிப்போயிற்று. என் தோளைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடந்து வந்தவர், நடுவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இந்த ரோட்டுக்குத்தான் எங்க வயக்காட்டுல ஒரு துண்டு போச்சுல்லா."

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது. அதனால்தான் இந்த மடல்.

எந்த வண்டி, எந்த டெப்போ, கண்டக்டர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரின் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமல்ல. ஓட்ட நேரத்தைக் குறைத்து, டீசலைக் கணக்குப் பார்த்து, வசூலையும் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? நாகர்கோவில் டிக்கெட் அவருக்கு லாபம். நாங்கள் பாதியில் இறங்கி சீட்டைக் காலியாக்குகிற ஆட்கள். அந்தக் கணக்கை எழுதியது கண்டக்டர் இல்லை, உங்கள் அலுவலகம். ஆகவே உங்களிடமே கேட்கிறோம்: வண்டிகளை ஊருக்குள் வந்து போகச் சொல்லுங்கள்.

இது நேற்று முளைத்த ஊர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேற்றுத் தாமரையும் செந்நெல்லும் சேர்ந்து நிற்கிற சிரீவரமங்கல நகர் என்று நம்மாழ்வார் பாடியது இந்த ஊரைத்தான். வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு நடக்கிறது. அந்த எண்ணெயைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணற்றில் சேர்த்து வைக்கிறார்கள். தோல் வியாதிக்கு மருந்தென்று வாங்கிப் போக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். இங்குள்ள வானமாமலை மடத்துக்கு வட நாட்டில்கூடச் சீடர்கள் உண்டு. அவ்வளவு தூரம் கடந்து வருகிறவர்களும் கடைசியில் வந்து நிற்பது அந்த இருட்டு பைபாஸில்தான்.

பக்திக் கணக்கை விடுங்கள். நாங்குநேரி ஒரு தாலுகாவின் தலைநகர். மேற்கே களக்காட்டிலிருந்தும் ஏர்வாடி, திருக்குறுங்குடியிலிருந்தும் பட்டா, பத்திரம், வழக்கு, வாய்தா என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் இங்கேதான் வரவேண்டும். சுற்றுப்பட்டி ஆட்கள் மினி பஸ்ஸைப் பிடித்து எங்கள் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து, வராத பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து பைபாஸுக்குப் போய்க் கை காட்டுகிறார்கள். அங்கேயும் வண்டி நிற்க வேண்டுமே!

தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துக்கு அடித்தளம் போட்டவர், 1912-இல் மதுரையில் பஸ் விட்டவர் என்று பெயர் பெற்ற டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது எங்கள் பக்கத்துத் திருக்குறுங்குடியில், 1877-இல். பஸ்ஸைக் கண்ணால் பார்க்காத காலத்திலேயே பஸ்காரரைப் பெற்றுக் கொடுத்த சீமை இது. இன்று எங்களுக்கு ஏற ஒரு படிக்கட்டு இல்லை.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்தப் பக்கம்தான். வரித்தலை வாத்து இமயமலைக்கு மேலே பறந்து வந்து அங்கே இறங்குகிறது. அதற்கு எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. முப்பது கிலோமீட்டர் தூரத்துத் திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டிக்குத்தான் எங்கள் ஊர் கண்ணில் படவில்லை. பைபாஸில் வடக்கே பார்த்து நடந்தால் ஸ்ரீநகர் வரைக்கும் ஒரே சாலையாம், தேசிய நெடுஞ்சாலை 44. காஷ்மீருக்கு வழி இருக்கிறது, எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு இல்லை.

இதையெல்லாம் கேட்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தொழிற்பேட்டை வரும், வேலை வரும் என்று 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் வளைத்தார்கள். சொன்ன அளவுக்கு ஒன்றும் வரவில்லை, உடைமரம்தான் வளர்ந்தது. அணைத் தண்ணீர் என்றால் நாங்கள் எப்போதும் கடைமடை. ஏன், எந்த வரிசையிலும் நாங்கள் கடைசிதான், பஸ்ஸில் ஏறுவது உட்பட. மன்னிக்கவும், இதெல்லாம் உங்கள் இலாகா இல்லை. உங்கள் இலாகாவுக்கே வருகிறேன்.

வண்டிகளை ஊருக்குள் வந்து போகச் சொல்லுங்கள். பகலில் எல்லா வண்டியும் முடியாது என்றால், எவையெல்லாம் வரும் என்று கண்ணாடியில் 'வழி நாங்குநேரி' பலகை மாட்டி விடுங்கள். தெரிந்து ஏறிக்கொள்கிறோம். ஆனால் இருட்டிய பிறகு ஒரு வண்டிக்கும் விலக்கு வேண்டாம். புது பஸ் ஸ்டாண்டில் நாங்குநேரிக்காரர்களைக் கடைசியில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். வருகிற நேரத்தை எங்கள் பஸ் ஸ்டாண்டில் குறித்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டால், போன முறை போல உத்தரவு ஒரு வாரத்தில் காற்றில் போகாது.

ஆச்சிக்கு அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன். தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவின் நகல் ஒன்றை எங்கள் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். கண்டக்டரிடம் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாங்குநேரிக்காரன் ஒருவன்