மீண்டும் எழுதுகிற பிள்ளைக்கு அவர் பெற்ற புள்ளிகளைக் காட்டுங்கள்

பரீட்சை ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வடமராட்சியில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இம்மடலை எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்களிற் பெரும்பாலானோர் ‘செக்கண்ட் ஷை’, ‘தேர்ட் ஷை’ பிள்ளைகள்; அதாவது ஒரு முறை சித்தியடைந்தும், விரும்பிய துறைக்கு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளி போதாமையால் மறுபடி தோற்றுகிறவர்கள். பரீட்சையை இலகுவாக்கும்படியோ, இசட் புள்ளி முறையை மாற்றும்படியோ, 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பல்கலைக்கழக அனுமதிப் பங்கீட்டைத் திருத்தும்படியோ நான் கேட்கவில்லை. அவை வேறு விவாதங்கள். மறுபடி எழுதத் தயாராகும் பிள்ளைக்குத் தான் எங்கே புள்ளியை இழந்தேன் என்பதை அறியும் வழியை, அந்த அறிவு பயன்படக்கூடிய காலத்தில் திறந்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெறுபேறு வெளியாகும் நாளில் பிள்ளை சுட்டெண்ணை இட்டுப் பார்க்கும்போது திரையில் வருபவை மூன்று பாடங்களுக்கும் மூன்று எழுத்துகள், நான்கு தசம தானங்கள் வரை ஓர் இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை ஆகியவையே. 75 புள்ளி எடுத்தவருக்கும் 95 எடுத்தவருக்கும் அதே ‘ஏ’ தான். இசட் புள்ளியோ மூன்று பாடங்களின் சராசரியாக வருவதால், எந்தப் பாடம் தூக்கியது, எது கீழே இழுத்தது என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. பௌதிகவியலில் ‘சி’ பெற்ற ஒருவர் 50 பல்தேர்வு வினாக்களிற் சறுக்கினாரா, பகுதி ஏயின் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களிற் சறுக்கினாரா, பகுதி பியில் தவறான வினாவைத் தெரிந்தெடுத்து நேரத்தைத் தொலைத்தாரா என்பது அவருக்கும் தெரியாது, அவருக்குக் கற்பிக்கும் எனக்கும் தெரியாது. “சேர், நான் எதில விட்டனான்?” என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்வது ஊகம் மட்டுமே.

இந்த ஊகத்தின் விலை சிறியதல்ல. அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனைகளைச் சார்ந்தே வருகின்றன. நகரும் நுணுக்குக்காட்டியின் வாசிப்பை எப்படி எடுப்பது, நிறமாலைமானியின் தொலைகாட்டியை முதலில் எதற்குக் குவியப்படுத்துவது, வரைபின் படித்திறனிலிருந்து எந்தக் கணியத்தைப் பெறுவது என்பனவற்றைக் கருவியைக் கையால் தொட்ட பிள்ளை எழுதும் விதம் வேறு, குறிப்புக் கொப்பியில் மனனம் செய்த பிள்ளை எழுதும் விதம் வேறு. பாடசாலையை விட்டு விலகித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுகிறவருக்கு ஆய்வுகூடமும் அத்தோடு போய்விடுகிறது. பகுதி ஏயில் தான் குறைவு என்று அறிந்தால், பழைய அதிபரிடம் அனுமதி கேட்டாவது சில பின்னேரங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கலாம். அறியாதபோது அவர் செய்வது அளவீடு தொடங்கி சடமும் கதிர்ப்பும் வரை 11 அலகுகளையும் மறுபடி தியறியிலிருந்து ஆரம்பிப்பதும், இன்னொரு ‘பேப்பர் கிளாஸ்’ சேர்வதும்தான். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு வருமானம் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும் என்பதால், குறை எது என்று தெரியாமற் செலவிடும் ஒவ்வொரு தடவையும் கிடைத்த வாய்ப்பில் மூன்றிலொன்று.

இத்தகவலைத் திணைக்களம் புதிதாகத் தேடித் திரட்ட வேண்டியதில்லை. இரண்டாம் வினாத்தாளின் முகப்பில், ‘பரீட்சகரின் உபயோகத்திற்கு மாத்திரம்’ என்ற தலைப்பின் கீழ், ஒவ்வொரு வினாவின் இலக்கத்துக்கும் எதிரே புள்ளி எழுதும் கட்டங்கள் அச்சிடப்பட்டே வருகின்றன. பாடவாரியாகத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளும் எங்களுக்குப் பேருதவியானவை. பரீட்சார்த்திகள் பொதுவாக எங்கே தவறுகிறார்கள் என்பதை அவற்றிலிருந்தே வகுப்பில் எடுத்துச் சொல்கிறேன். ஆனால் அது எல்லோரையும் பற்றிய செய்தி. என் முன்னால் இருக்கும் பிள்ளை அந்தப் பெரும்பான்மையில் ஒருவரா, விதிவிலக்கா என்பதை அறிக்கை சொல்லாது.

புள்ளிகளை வெளியிட்டால் மீள்பரிசீலனை விண்ணப்பங்கள் பெருகும், பாடசாலைகளும் தனியார் நிலையங்களும் அவற்றைப் பதாகையிற் போட்டுப் போட்டியை வளர்க்கும் என்ற ஆட்சேபம் எழலாம். இரண்டாவது அச்சம் நியாயமானது. மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தை எங்கள் சந்திகளில் இப்போதே காண்கிறோம். ஆகவே புள்ளிகளைப் பெறுபேற்றுடன் எல்லோருக்கும் வெளியிடாமல், கேட்கிற பரீட்சார்த்திக்கு மட்டும், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தின் பேரில், கட்டணம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு வழங்கலாம். முதலாவது ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. எழுத்தை மட்டும் கண்டு ஐயுறுகிற பிள்ளை இன்று கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்கிறார். புள்ளியைக் கண்டால் விண்ணப்பிக்காமலே விடுகிறவர்களும் பலர் இருப்பார்கள். மேலும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குத் தோற்றும் பத்து வயதுப் பிள்ளைக்குத் திணைக்களம் புள்ளியைத் தருகிறது. பத்தொன்பது வயதானவருக்கு அதை மறுப்பதற்கான காரணம் எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது காலம். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையின் பெறுபேறு 2022 ஓகஸ்ட் 28இல் வந்தது. அடுத்த பரீட்சை 2023 ஜனவரி 23இல் தொடங்கியது. அதன் பெறுபேறு, வரிக் கொள்கைக்கு எதிரான பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் பகிஷ்கரிப்பால் விடைத்தாள் திருத்தம் தாமதித்து, 2023 செப்டெம்பர் 4இல் வெளியானது. மறுபடி தோற்றியவர்கள் சரியாக நான்கு மாதங்களில், 2024 ஜனவரி 4இல், மண்டபத்தில் அமர்ந்தார்கள். அதன்பின் நிலைமை சீராகி வருவதை மறுக்க மாட்டேன்: 2024 மே 31இல் வந்த பெறுபேற்றுக்கும் நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சைக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருந்தன; 2025 ஏப்ரல் 26இற்கும் நவம்பர் 10இற்கும் இடையில் ஆறரை மாதங்கள். அந்த 2025 பரீட்சையை இடையில் நிறுத்தி மிகுதியை 2026 ஜனவரிக்குத் தள்ளிய டித்வா புயலுக்கு எவரும் பொறுப்பல்லர். ஆயினும், பெறுபேற்றுக்கும் அடுத்த பரீட்சைக்கும் இடையில் இருக்க வேண்டிய ஆகக்குறைந்த இடைவெளி விதியாக எழுதப்படாதவரை, ஒரு பகிஷ்கரிப்போ ஒரு புயலோ வரும்போது அந்த இடைவெளியையே முதலில் சுருக்கிக்கொள்வோம். முதற்தடவை எழுதுகிறவருக்கு அதனால் நட்டம் அதிகமில்லை. அவர் இரண்டு வருடமாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

ஆணைக்குழுவின் தலைவருக்குத் தனியாக ஒன்று. பெறுபேறு வந்த பின்னும், ஒரு துறைக்கு அனுமதி பெறத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியாகிய வெட்டுப்புள்ளி வெளியாகப் பல மாதங்கள் செல்கின்றன. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும் பிள்ளைக்கு இம்மாதங்களே மிகக் கொடியவை. மருத்துவம் கிடைக்கும் என்று தகப்பன் நம்புகிறார். எதற்கும் எழுது என்று நாங்கள் சொல்கிறோம். பிள்ளை மனதின் ஒரு பாதியை விண்ணப்பத்திலும் மறு பாதியை இயக்கச் சமன்பாட்டிலும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் முழுமையாக இல்லாமல் இருக்கிறார். பரீட்சைத் தாள்களின் கடினம் ஆண்டுக்காண்டு மாறுவதால் பழைய வெட்டுப்புள்ளியைக் கொண்டு கணிப்பதும் நிச்சயமானதன்று. இறுதி வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே தர முடியாதெனில், மீள்பரிசீலனையால் மாறக்கூடியது என்ற குறிப்போடு மாவட்டவாரியான உத்தேச வெட்டுப்புள்ளியை அடுத்த பரீட்சையின் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பாவது வெளியிடுங்கள். அதைக் கண்டு எழுத வேண்டியதில்லை என்று தீர்மானிக்கிற பிள்ளைக்கும் அது உதவி.

மூன்று மொழிமூலங்களிலும் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் இப்பரீட்சையை நடத்துவது எத்தகைய வேலை என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். எனவே எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. வரும் பெறுபேற்றிலிருந்து, கோருகிற பரீட்சார்த்திக்குப் பாடவாரியாகப் பல்தேர்வு, பகுதி ஏ, பகுதி பி என்ற பிரிப்புடன் புள்ளிகளை வழங்கும் ஏற்பாட்டை முதலில் செய்து தாருங்கள். இரசாயனவியலுக்குப் பகுதி சியும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆசிரியர்,
வடமராட்சி.